மலையேறும்போது திறந்த போர்ட்

அன்பு மகள் பெர்மெத்துக்கு அப்பா தோக்தோசுன் எழுதுவது. நானும் அம்மாவும் ஆடு குதிரைகளும் சுகம், சியோலில் உன் உடம்பும் மனசும் சுகமாக இருக்கட்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, சாம்பல் குதிரை சினையாக இருக்கிறது. போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

நான் பார்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரிக் கணினிகளில் நோயாளிகள் பதிவெல்லாம் யாரோ பணம் கேட்டுப் பூட்டிவிட்டார்கள் என்றேனே, அது என்னால் வந்தது. கோடையில் வழக்கம்போல மேய்ச்சல் மலைக்கு ஏறினோம் அல்லவா, அங்கிருந்தே சர்வரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டுப் போனேன். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், ஒரு இணைய முகவரிக்குள் அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் எண்ணிட்ட கதவுகள், வருகிற தகவல் அந்த எண்ணைப் பார்த்துத்தான் எந்த வேலைக்குப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ளும், இணையப் பக்கத்துக்கு 443, தூரத்திலிருந்து கணினியை இயக்க 3389. அந்த 3389 ஊருக்கே தெரியும் என்று நான் 1998 என்று மாற்றினேன், நீ பிறந்த வருஷம், யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு மிதப்பு. திருடன் எண்ணை ஊகிப்பதில்லையம்மா, அவன் நிரல் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போகிறது, எது பதில் சொல்கிறதோ அங்கே நிற்கிறது. பாஸ்வேர்டும் பழசு. மலையிலிருந்து இறங்கி வந்து கம்பளி உலர்த்தினேன், கூடாரம் மடித்தேன், போர்ட்டை மட்டும் மூட மறந்தேன்.

இப்போது சர்க்கரை நோயாளிகளிடமே எவ்வளவு மருந்து போட்டீர்கள் என்று கேட்டு எழுதுகிறார்கள். பழி பதிவு மேசை புருல் அக்கா மேல் விழுந்தது, யாராவது கெட்ட மின்னஞ்சலைத் திறந்திருப்பார்கள் என்று நான் சொல்லிவைத்தேன், அது அவள்தான் என்று தலைமை டாக்டர் வேலைக்கு வராதே என்றுவிட்டார். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் அவளுக்கு. நேற்று ஒரு தட்டு பொர்சோக் ரொட்டி பொரித்து எடுத்துக்கொண்டு என் அறைக்கே வந்தாள். "நான் எதையும் தொறந்த ஞாபகமில்ல தம்பி, ஆனா நீ படிச்சவன், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். உனக்கு எவ்வளவு வேல வச்சுட்டேன் பாரு" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் அந்த பொர்சோக்கை வாங்கித் தின்றேன் பெர்மெத். அவமானமாக இருக்கிறது.

யார், எந்த எண் வழியாக நுழைந்தார்கள் என்ற பதிவை அச்செடுத்து வைத்திருக்கிறேன், மூன்று நாளாகப் பையிலேயே கிடக்கிறது. டாக்டர் அறை வாசல் வரை போய்த் திரும்பிவிடுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடிக்கொள். உன் பாதை வெளிச்சமாக இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, இதைப் படித்ததும் போன் பண்ணி, "சொல்லிட்டீங்களாப்பா" என்று கேள். நாளைக்கு என்று நான் சொன்னால், என்னோடு பேசாமல் புருல் அக்காவுக்கே போன் பண்ணிச் சொல்லிவிடு.

உன் அப்பா
தோக்தோசுன்