மாலைக் காட்சி

அன்புள்ள வாலுக்கு,

நானும் அண்ணனும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போன வாரம் கண்ணாடிக் கடையில் ஒரு பெண்ணுக்கு வாசிப்புக் கண்ணாடி மாட்டிவிட்டேன், எழுத்து அட்டையை நீட்டினால் வேண்டாமென்று பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். உன் அண்ணனுடையது. உனக்கு அவன் எழுதிய கடிதங்கள். எனக்குத்தான் இன்னும் ஒரு பிரதி தரவில்லை. நான் யாரென்று சொல்லாமல், பெருமையோடு காதுகொடுத்துக் கேட்டேன். அவள் வாய்விட்டுப் படித்தாள்: "இன்று அம்மாவின் மாலைக் காட்சி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். அரங்கு நிறைந்தது." அடியில் உன் பதிலையும் போட்டிருக்கிறான், எனக்கும் ஒரு சீட் போட்டு வை என்று. எல்லா வீட்டிலும் ஒரு நாடகக்காரி உண்டு போல என்று சிரித்தாள் அவள். எழுத்து தெளிவா இருக்கா என்று கேட்டேன். "நல்லாத் தெரியுதும்மா" என்றாள்.

அண்ணனிடம் கேட்டதற்கு, "அது நீ இல்லம்மா, ஒரு பாத்திரம்" என்றான். "பாத்திரம்னா கழுவிக் கவுத்துடலாமாடா" என்றேன். ரசித்துச் சிரித்தான், அதையும் எங்காவது குறித்து வைத்திருப்பான். அவன் எழுதுகிறவன், அவன் புத்தி அப்படி. ஆனால் அந்தக் கடிதங்கள் உன் அலமாரியில் அல்லவா இருந்தன. புத்தகம் போட அவனுக்குக் கட்டி அனுப்புமுன் என்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா. எனக்கு மூச்சு வாங்குகிறது என்றால் போனில் அப்படிப் பதறுவாயே, அந்தப் பதற்றத்தில் எது நிஜம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று நெஞ்சுவலி மறுபடி வந்தது. அவன் அடுத்த அறையில் இருந்தான். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே போகாமல் தரையில் உட்கார்ந்திருந்தேன். அடங்கிய பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து அவனுக்குச் சோறு போட்டேன். நெஞ்சில் ஒரு சோதனை செய்ய வேண்டும், துணைக்கு வீட்டு ஆளைக் கூட்டி வாருங்கள் என்கிறார் டாக்டர். கடை முதலாளி வருகிறார். நீ கிளம்பி வராதே, அண்ணனுக்கும் சொல்லாதே.

குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. உனக்கு ஒரு நோவும் வராமல் இருக்கட்டும். வந்தால், அதை நம்புகிற ஒரு ஆள் பக்கத்தில் இருக்கட்டும். இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைக்காதே.

உன்
அம்மா