நோட்டீசின் பின்பக்கம்

அன்பான மாப்ளே,

இது உன் அக்கா எழுதிக் கொடுத்தது இல்லை. இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு நானே எழுதுகிறேன். அரைப் பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது போய்விட்டது, ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. உன் மேல் எரிச்சலும் அதே அளவுக்கு இருக்கிறது.

ஏலக்காய் ஏலக் கூடத்தில் அத்தனை வியாபாரிகள் முன்னால், "வரியைக் கூட்டுவேங்கிற கட்சிக்கு ஓட்டாம்! சொந்த வீட்டுக்கே கன்னம் வைக்கிறாரு எங்க மச்சான்" என்றாயே. முப்பது வருசமாகத் தேர்தலுக்குத் தேர்தல் நீ கட்சி நோட்டீசைப் படித்துச் சொல்வாய், நீ சொன்ன சின்னத்தில் நான் போடுவேன். இந்த முறை நானே படித்தேன். நம்மைப் போல அதிகம் சம்பாதிக்கிறவர்களுக்கு வரி கூடும் என்று முன்பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பணத்தில் மலையில் ஆஸ்பத்திரி வரும் என்று பின்பக்கத்தில் இருக்கிறது. அதை ஏன் மாப்ளே எனக்குப் படித்துக் காட்டவில்லை?

"வர்ற பணத்தை அவங்களே தின்னுருவாங்க" என்கிறாய். தின்றால் சண்டைக்குப் போவோம். நமக்கு வேறென்ன சோலி?

நம் தோட்டத்தில் காய் பறித்த மகாராணியைப் பாம்பு கடித்த அன்று ஜீப்பை ஓட்டியது நீ. மலை இறங்கிப் போடி ஆஸ்பத்திரி வந்து சேர எத்தனை நேரம் ஆனது என்று உனக்கே தெரியும். அங்கே இறக்கும்போது அவளுக்கு உயிர் இல்லை.

ஒரு மாதமாக நீ வீட்டுப் பக்கம் வரவில்லை. அதனால் உன் அக்காவும் என்னோடு பேசுவதில்லை. போதும். ஓட்டு நாளில் ஜீப்பைக் கொண்டா, சேர்ந்தே போவோம். நீ யாருக்கு வேண்டுமானாலும் போடு. போகிற வழியில் மகாராணி வீட்டு வாசலில் நிறுத்து. அவள் மகளுக்கு இது முதல் ஓட்டு. அவளை முன்சீட்டில் உன் பக்கத்தில் உட்கார வை.

இப்படிக்கு,
உன் அக்கா புருசன்