மச்சானின் தட்டில் கம்பு ரொட்டி

என் ஆசை மச்சானுக்கு,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உங்களுடைய பச்சைக் கட்டம் போட்ட கைலியைக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். என்னுடையது எதுவும் இந்தத் தொப்பையில் நிற்க மாட்டேன் என்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சேதி பெரிய சேதி, மச்சான். அக்கா மாறிவிட்டாள்.

நீங்கள் போனதிலிருந்து அவள் செய்யும் கூத்து உங்களுக்குத் தெரியாததா? மத்தியானம் ஆனால் உங்கள் படத்துக்கு முன்னால் ஒரு தட்டு. குமித்து வைத்த வெள்ளைச் சோறு, கருவாட்டுக் குழம்பு, பொரித்த அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய். காக்காய்க்கு ஒரு பிடி வைத்துவிட்டு, வீணாக்கக் கூடாதென்று மிச்சத்தை அவளே சாப்பிடுவாள். செத்தும் உங்கள் பசி குறையவில்லையா?

போன மாதம் ஒரு நாள், பேசிக்கொண்டிருந்தவளுக்கு வாய் குழறியது. வலது கை டம்ளரை நழுவவிட்டது. உங்களுக்கு அன்றைக்கு வந்ததே, அதே மாதிரி. அவளை அள்ளி என் ஆட்டோவில் போட்டேன். பசுமலையிலிருந்து ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

நல்ல வேளை, குழறல் சீக்கிரமே தெளிந்துவிட்டது. டாக்டரம்மா என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க, அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“இம்புட்டு உப்பும் நீங்களா சாப்பிடுறீங்க?”

“எனக்கில்லம்மா. எங்க வீட்டுக்காரருக்கு.”

“அவருக்கு பிரஷர் உண்டா?”

“இருந்துச்சு. பக்கவாதம் வந்து போய்ச் சேந்துட்டாக.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான்தான் சொன்னேன். “அவருக்கும் சேத்து பத்தியம் எழுதிக் குடுங்கம்மா. இல்லாட்டி இவ கேக்க மாட்டா.”

அவர் சிரிக்கவில்லை. “இது எச்சரிக்கை. அடுத்தது இப்படி விட்டுட்டுப் போகாது. வெள்ளைச் சோத்தக் கொறைங்க. கம்பு, கேப்பைன்னு முழுத் தானியமாச் சேருங்க. காய், பயறு, பழம் கூடணும், உப்பு கொறையணும். மாத்திரைய நிறுத்தவே கூடாது. எல்லாஞ் சேந்தாத்தான் ஆபத்து கொறையும். வரவே வராதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது.”

வீட்டுக்கு வந்ததும் அக்கா அழுதாள். “அவுகளுக்குப் பிடிக்காததை எப்புடிடா வைக்கிறது?”

“நீயும் அங்க போய்ச் சேரணும்னு அவரு கேட்டாராக்கும்? மனுசன் இப்பத்தான் நிம்மதியா இருக்காரு. கெடுத்துராத.”

கரண்டி பறந்து வந்தது. கை நன்றாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

மறுநாள் உங்கள் தட்டில் கம்பு ரொட்டி, பாசிப்பயறு, முருங்கைக்கீரை, கொய்யாப்பழம். உங்கள் படத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்: “இங்க பாருங்க. நான் இன்னுங் கொஞ்ச காலம் இருக்கணும். இனிமே இதுதான். பிடிக்கலைன்னா அங்கிட்டே பொங்கித் தின்னுக்கங்க.” நாற்பது வருசத்தில் உங்களை எதிர்த்து அவள் பேசிய முதல் பேச்சு. கேட்டீர்களா?

மாடிச் சுவரில் ரொட்டியைப் பிய்த்து வைத்தோம். காக்காய் வந்தது. ரொட்டியைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது. அக்கா முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். அது தொடாமல் போனால் அப்பளம் திரும்பி வந்துவிடும் என்பது எனக்குத் தெரியும்.

தின்றது, மச்சான்! அடுத்த துண்டுக்கும் வந்தது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி குதித்தாள். வந்தது நீங்கள்தானா? பசியா, இல்லை அவள் மேல் பயமா?

இனி அவள் தட்டில் என்னவோ அதுதான் என் தட்டிலும். காலையில் பக்கத்தில் நின்று மாத்திரையை விழுங்கவைத்துவிட்டுத்தான் ஆட்டோவை எடுப்பேன். இது உங்கள் மேல் சத்தியம்.

காக்காய் தின்ற சந்தோஷத்தில் அன்றைக்கு நானும் மாடியிலேயே ஒரு ரொட்டியைக் கடித்தேன். கட்டிவைத்திருந்த முன்பல் கழன்று சுவர் மேல் விழுந்தது. காக்காய் அதையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஓடும் ரயில் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விட்டது.

உங்கள் மச்சினன்,
பாண்டி