வசந்தாவின் குரல்

செவ்வாய்க்கிழமை, இரவு

குவைத்தில் வீட்டு வேலை செய்யும் தங்கை வசந்தாவோடு நெட் காலில்தான் பேசுவேன். சில மாதங்களாக அவள் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. என் பழைய போனின் கோளாறு என்று நினைத்து, இன்று திருத்தணி பஸ் ஸ்டாண்டு எதிரே கடை வைத்திருக்கும் ரஃபீக் பாயிடம் வேறு போன் பார்க்கப் போனேன்.

"கேமராலாம் எப்படி இருந்தாலும் பரவால்ல பாய். என் தங்கச்சி பேசறது தெளிவா கேக்கணும்."

ஒரு போனில் என் சிம்மைப் போட்டு, எல்லாம் ஏற்றிக் கொடுத்தார். "இங்கயே பேசிப் பாருங்கம்மா. நல்லா கேட்டா வாங்கிக்கங்க."

வசந்தா உடனே எடுத்தாள். பக்கத்தில் நின்று பேசுவதுபோல் இருந்தது. சாப்பிட்டாயா என்றேன்.

"ஆங், சாப்ட்டேன்க்கா."

லைன் கட்டாகவில்லை. அவள் மூச்சை இழுத்து இழுத்து அடக்குவது கேட்டது.

"அழுதுகினு இருக்கியாடி?"

"இல்லக்கா. சிக்னல் சரியில்ல."

"எனக்கு நல்லா கேக்குதுடி."

இத்தனை நாளும் விட்டுவிட்டுக் கேட்டது எதனால் என்று அப்போதுதான் புரிந்தது. பாய் எழுந்து கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

"நான் வந்துடட்டாக்கா?" என்றாள்.

என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. "வந்துடு" என்றேன். அதன்பிறகு அவள் சத்தமாகவே அழுதாள்.

அந்தப் போனையே வாங்கி வந்தேன். வீட்டில் இவரிடம் இன்னும் சொல்லவில்லை. அவளை அங்கிருந்து விடுவார்களா, பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது, ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை எனக்கு. விடிந்ததும் கூப்பிட வேண்டும்.