நூற்றைம்பதாவது அடியில் நெப்டியூன்

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதுவது. நான், பெரியம்மா, உன் பட்டாணி மூவரும் இங்கே சௌக்கியம். நீயும் அந்தக் குளிரில் தொண்டை கட்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் மேலே எழுதுகிறேன். இத்துடன் பள்ளிக்கூடத்துப் படிவம் ஒன்று இருக்கும். பட்டாணியைக் கூட்டிவர இனியும் என்னை நம்பலாமா என்று தாயாகிய நீ கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டுமாம். தலைமையாசிரியை தனியாகவும் எழுதுவார். அதற்குள் நான் முந்திக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குக் காய்ச்சல். பிள்ளைகள் போட்ட கூச்சலில் கூரையே எழும்பிவிடும் போலிருந்தது. பள்ளி வேனைத் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் தலைமையாசிரியை வந்து, ஒரு பீரியடு ஏதாவது கதை சொல்லிச் சமாளிங்க என்றார். என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள் சொல். அன்றைய பாடம் சூரியக் குடும்பம். புத்தகத்தைப் பிரித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டுக் கிரகங்களையும் கடைசி பஸ்ஸில் ஏற்றிய மாதிரி ஒரே பக்கத்தில் நெருக்கி வரைந்துவிட்டு, உண்மையான தூரத்தைக் கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். முப்பத்தெட்டு வருஷத்தில் நிலாவுக்கு நாலு தடவை போய்வரும் தூரம் ஓட்டியவன் நான், தூரத்தில் பொய் சொன்னால் பொறுப்பேனா? எல்லாரையும் மைதானத்துக்கு இறக்கினேன். சூரியன் யார் என்று நீ கேட்கவே வேண்டாம். பூமிக்கு ஐந்து அடி, வியாழனுக்கு இருபத்தாறு அடி. சனியாக நின்ற பையனுக்கு இடுப்பில் சைக்கிள் டயர். நெப்டியூனுக்கு நூற்றைம்பது அடி. நீட்டி நடந்தால் கேட்டைத் தாண்டி, அதே நடைபாதையில் சாவி செய்பவர் கடை வரை போகிறது. நம்பிக்கையான ஆள் வேண்டுமே என்று பட்டாணியை அங்கே நிறுத்தி, தாத்தா கூப்பிடும்வரை அசையாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மணி அடித்தது. கிரகங்கள் எல்லாம் வகுப்புக்குள் ஓடின. நானும் பின்னாலேயே போய் சனி வளையத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். இருபது நிமிஷம் கழித்துத் தலைமையாசிரியை வந்து தலையெண்ணி, என்னங்க ஒண்ணு குறையுதே என்றார். சூரியன் தலைதெறிக்க ஓடியது அன்றைக்குத்தான்.

பட்டாணி அங்கேயே நின்றாள், கைகளை விறைப்பாக வைத்துக்கொண்டு. சாவிக்காரர் ஸ்டூல் போட்டாராம், கிரகம் உட்காராது என்றாளாம். எல்லாரும் உள்ள போயாச்சு, நீயும் போம்மா என்றாராம். எங்க தாத்தா மறக்க மாட்டாரு, வந்துட்டே இருப்பாரு என்றாளாம்.

மறந்துதான் போயிருந்தேன், மகளே. தலைமையாசிரியையிடம், அதுவும் பாடத்தில் ஒரு பகுதி, பொறுமைப் பயிற்சி என்று அடித்துவிட்டேன். பெரியம்மாவிடம் இரண்டே நிமிஷம் என்றேன். உன்னிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கிறது, உன் மனசுக்குப் பட்டதில் குறி போடு. எதில் போட்டாலும் எனக்கு வருத்தமில்லை என்று எழுத வந்தேன், அதுவும் புளுகாகிவிடும்.

நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும். மாத முடிவுக்குள் படிவம் வந்து சேர வேண்டும், மறக்காதே. அதுவரை பெரியம்மாதான் கூட்டிவருகிறாள். நான் கேட்டுக்கு வெளியே நிற்கிறேன்.

உன் பெரியப்பா