பார்க்காமல் போட்ட டிக்

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து மழை. துவைத்த துணியெல்லாம் மூங்கில் கழியோடு உள்ளே.

தேக்கா சந்தையில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். சர்ச்சில் பூசை முடிந்து நேராக வந்திருந்தாள். முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள், ஜூரோங்கில் பம்ப் தொழிற்சாலை டெக்னீஷியன். எங்கள் பல்கலைக்கழகத்தின் புது இன்ஜினியரிங் படிப்பில் முதல் செட். வாரம் நாலு நாள் தொழிற்சாலை, ஒரு நாள் வகுப்பு. செய்கிற வேலைக்கும் மதிப்பெண். திட்டத்தை எழுதியவள் நான். பெருமை வேறு.

அவளுடைய வேலைப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டு வேலை, சூப்பர்வைசரின் பன்னிரண்டு கையெழுத்து, ஒரே நாள், ஒரே பேனா. ஏழாவது: கரண்டை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி சுவிட்சில் தன் பூட்டைப் போட்ட பிறகே இயந்திரத்தில் கை வைப்பது.

"பூட்டு போட்டீங்களா?"

"சூப்பர்வைசர் ஆஃப் பண்ணிட்டேன்னாரு மேடம். எனக்குன்னு பூட்டே தரல லா."

"அப்படியே கை வெச்சீங்களா?"

"வேலைதானே மேடம்."

கோப்பையில் தே குடிக்காமலே ஆறிப்போனது.

ஜூலை 7, திங்கள்

தொழிற்சாலைக்கு அனுமதி தரும் படிவத்தில் 'வேலையிடத்தை நேரில் பார்த்தேன்' என்ற கட்டத்தில் டிக் போட்டது நான். பார்த்தது வீடியோ காலில். பளபளவென்று ஓர் அறை காட்டினார்கள், போதும் என்று விட்டுவிட்டேன். செங்காங்கில் என் வீட்டிலிருந்து தீவின் மறுகோடி ஜூரோங் போகச் சோம்பல். முனைவர் பட்டம் வாங்கிய மூளை!

செய்ய வேண்டியவை:
– துறைத் தலைவரிடம் உண்மையைச் சொல்வது
– பால், முட்டை
– தொழிற்சாலைக்கு நேரில் போவது

முட்டை வாங்கினேன்.

சொன்னால் என் வேலை போகும். புதன்கிழமை துறைக் கமிட்டிக் கூட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம். கோழை.

ஜூலை 8, செவ்வாய்

தூக்கமில்லை. ரயிலில் கம்பியைப் பிடித்திருந்தவர்களின் விரல்களை எண்ணிக்கொண்டே வந்தேன். பயம் வந்தால் இப்படியா?

பத்தே காலுக்கு ஸ்டெல்லாவிடமிருந்து செய்தி, டீ பிரேக்கில் அனுப்பியது. "இன்னிக்கும் அதே மெஷின். பூட்டு கேட்டேன், நாளைக்குன்னாங்க."

அழைத்தேன். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போன் லாக்கரில். மறுபடி அழைத்தேன். மறுபடி.

தொழிற்சாலை மேலாளரைப் போனில் பிடித்தேன். பல்கலைக்கழகம் அனுமதியை ரத்து செய்துவிட்டது, அவளை உடனே மெஷினிலிருந்து எடுங்கள் என்றேன். பல்கலைக்கழகமாம்! யாரையும் கேட்கவில்லை.

பிறகு தலைவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். "எழுதிக் குடுங்க" என்றார், முகம் பார்க்காமல்.

மாலை ஸ்டெல்லா கூப்பிட்டாள். தொழிற்சாலை திட்டத்திலிருந்தே விலகிவிட்டதாம். வேலையிடம் இல்லாமல் அவளுடைய படிப்பும் போயிற்று.

"யாரைக் கேட்டு நிறுத்துனீங்க மேடம்? இத்தனை வருஷம் கழிச்சுக் கெடச்ச டிகிரி..."

கை நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

"இருக்கு. அதை வெச்சிக்கிட்டு என்ன செய்யட்டும்?"