நான் பிறந்த வீடு, பிரெஞ்சில்

ஞாயிறு, இரவு.

தூக்கம் வரவில்லை. இந்த வாரம் முழுக்கப் பிரெஞ்சில் வாக்கியங்களைச் சேர்க்கும் குட்டிச் சொற்களைப் படித்தேன். இடத்தைச் சொன்னால் 'ஊ' போட வேண்டும். மற்றதற்கெல்லாம் 'கி', 'கெ'. தமிழில் இந்தத் தொல்லையே இல்லை. நான் பிறந்த வீடு என்றால் முடிந்தது.

சாயங்காலம் பிரான்சிலிருந்து மகள் மாலதி போனில் கூப்பிட்டாள். பக்கத்தில் அவளுடைய பிரெஞ்சு மாமியார். பாஷை தெரியாததால், கல்யாணத்திலிருந்து நானும் சம்பந்தியம்மாவும் சிரித்துக்கொண்டதோடு சரி.

"நீங்களே பேசுங்கம்மா, படிச்சிங்கதானே லா," என்றாள் மாலதி. அவளுடைய மலேசியா 'லா' இன்னும் போகவில்லை.

சம்பந்தியம்மா நான் எங்கே பிறந்தேன் என்று கேட்டார். பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பிறந்த வீட்டைச் சொன்னேன். 'ஊ' வரவேண்டிய இடத்தில் 'கி' வந்துவிட்டது. வீடே பிறந்ததாக அர்த்தமாம். மாலதி விழுந்து விழுந்து சிரித்தாள். சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. திருத்திச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மேலே சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். நாங்கள் தண்ணி பிடித்த குழாய். அப்பா ரப்பர் பால்வாளியோடு வந்த செம்மண் பாதை. தீபாவளிக்குப் படம் போட்ட திடல். எல்லாவற்றுக்கும் 'ஊ' சரியாக வந்தது.

"இதெல்லாம் எங்கிட்ட சொன்னதே இல்லையேம்மா," என்றாள் மாலதி. சிரிப்பு நின்றிருந்தது.

நீ கேட்டதில்லையே என்று வாய்வரை வந்தது.

அடுத்த முறை மலேசியா வரும்போது அங்கே கூட்டிப்போகச் சொன்னார் சம்பந்தியம்மா. நாங்கள் இருந்த வரிசை வீடுகளை, அந்த லயத்தை, எப்போதோ இடித்துவிட்டார்கள். இப்போது ரப்பரும் இல்லை, எண்ணெய் எடுக்கும் செம்பனைதான் நிற்கிறது. எதைக் காட்டுவது?

கூட்டிப்போவேன். மாலதியும் வரட்டும்.